அனுப்பும் கைகளா, படித்துப் பார்க்கும் கண்களா: எஸ்.டி.கே.க்கு ஆள் சேர்க்க ஐந்து வழிகள்

"எஸ்.டி.கே.யை ஓப்பன் சோர்ஸ் ஆக்கி ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. டவுன்லோடு பரவாயில்லை. ஆனால் வெளியாட்கள் அனுப்பிய பி.ஆர்.களை எண்ண ஒரு கை விரல்களே போதும். ஹேக்டோபர்ஃபெஸ்டில் சேரலாமா, பவுண்டி போடலாமா, கூகுள் சம்மர் ஆஃப் கோடுக்கு விண்ணப்பிக்கலாமா?"

பைத்தான், கோ, டார்ட் என்று மொழி மட்டும் மாறி இதே கேள்வி எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று பேர் கொண்ட அணிகள். பகலில் ஏ.பி.ஐ. வேலை, மிச்ச நேரத்தில் எஸ்.டி.கே. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. அதனால் இங்கே மொத்தமாக. புதிதாக வருபவர்களுக்கு: ஏ.பி.ஐ. என்பது ஒரு சேவையோடு வேறு புரோகிராம்கள் பேசும் வழி; எஸ்.டி.கே. என்பது அப்படிப் பேசுவதைச் சுலபமாக்கப் புரோகிராமர்களுக்குக் கொடுக்கும் தொகுப்பு; பி.ஆர். (புல் ரிக்வெஸ்ட்) என்பது "இந்தத் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒருவர் அனுப்புவது, மெர்ஜ் என்பது அதைச் சேர்த்துக்கொள்வது.

முதலில் என் கதை ஒன்று. சில ஆண்டுகள் ஒரு பேமென்ட் எஸ்.டி.கே.யின் மெயின்டெய்னராக (பராமரிப்பாளராக) இருந்தேன். ஓர் அக்டோபரில் ஆசைப்பட்டு வாசலை அகலத் திறந்து வைத்தோம். பி.ஆர்.கள் வந்து குவிந்தன. ரீட்மீயில் (அறிமுகக் கோப்பில்) காற்புள்ளித் திருத்தம், வேரியபிள் பெயர் மாற்றம், ஒரே இஷ்யூவுக்கு (பதிவான பிழைக்கு) மூன்று பேர் அனுப்பிய மூன்று அரைகுறைத் தீர்வுகள். மாதம் முழுக்க நாங்கள் இரண்டு பேர் ராத்திரி உட்கார்ந்து பதில் எழுதினோம். அந்தக் குவியலின் அடியில் ஒரு பி.ஆர். கிடந்தது. நெட்வொர்க் துண்டித்து மறுபடி முயலும்போது ஒரே பணம் இரண்டு முறை போகக்கூடிய பிழைக்கு டெஸ்டோடு சேர்த்து ஒரு திருத்தம். அனுப்பியவர் எங்கள் எஸ்.டி.கே.யை வைத்து நிஜமாகவே வியாபாரம் ஓட்டிக்கொண்டிருந்தவர். அதை நாங்கள் திறந்து பார்க்க ஆறு வாரம் ஆனது. அதற்குள் அவர் தன் ஃபோர்க்கோடு (சொந்த நகலோடு) போய்விட்டார். அப்புறம் வரவே இல்லை.

எங்களுக்கு இல்லாமல் போனது அனுப்பும் கைகள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உண்மையில் இல்லாதது படித்துப் பார்க்கும் கண்கள். கீழே வரும் ஒப்பீடு முழுக்க இந்தக் கோணத்தில்தான் இருக்கும். வேறு கோணத்தில் பார்ப்பவர்களுக்கு வேறு விடை வரலாம்.

## எஸ்.டி.கே. ஏன் வேறு ரகம்

பொதுவான ஓப்பன் சோர்ஸ் அறிவுரைகளை அப்படியே எஸ்.டி.கே.க்குப் பொருத்த முடியாது. நான்கு காரணங்கள்.

எஸ்.டி.கே.யின் பயனர் ஒவ்வொருவரும் புரோகிராமர். அந்த வகையில் அதிர்ஷ்டம்தான். ஆனால் அவர் பொழுதுபோக்குக்காக வரவில்லை. தன் முதலாளியின் நேரத்தில், தன் வேலையைத் தடுக்கிற ஒரு பிழையைச் சரிசெய்ய வருகிறார். சரியானதும் போய்விடுவார்.

இரண்டாவது, பல எஸ்.டி.கே.களில் கோடின் பெரும்பகுதியை ஆள் எழுதுவதில்லை. பேமென்ட் நிறுவனமான ஸ்ட்ரைப்பின் லைப்ரரிகளில் பெரும்பாலானவை ஓப்பன்ஏ.பி.ஐ. (ஏ.பி.ஐ.யை விவரிக்கும் பொது வடிவம்) விவரணையிலிருந்து தானாக உருவாகின்றன. அமேசானின் பைத்தான் எஸ்.டி.கே.க்கு அடியில் இருக்கும் போட்டோகோர், ஜேசான் மாடல் கோப்புகளைப் படித்து ஓடுகிறது. யாராவது அந்தக் கோப்பில் ஒரு பிழையைத் திருத்தி அனுப்பினால், அடுத்த தானியங்கி அப்டேட் அதை அழித்துவிடும். மூலம் வேறெங்கோ உள்ளே இருக்கிறது. வெளியாள் கை வைக்கக்கூடிய இடம் எது, கூடாத இடம் எது என்று ரிப்போவின் (புராஜெக்டின் கோப்புகள் இருக்கும் கிடங்கின்) முகப்பிலேயே எழுதி வைக்காவிட்டால், நல்ல மனசோடு வந்தவரின் ஒரு சனிக்கிழமை வீணாகும்.

மூன்றாவது சாவிப் பிரச்சினை. எஸ்.டி.கே.யின் முழு டெஸ்டும் ஓட ஏ.பி.ஐ. கீ (சேவைக்குள் நுழைய உதவும் ரகசியச் சாவி) வேண்டும். ஃபோர்க்கிலிருந்து வரும் பி.ஆருக்கு, டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் கிட்ஹப் ஆக்ஷன்ஸ் உங்கள் ரகசியங்களைக் கொடுக்காது. அது சரியான பாதுகாப்புதான், ஆனால் விளைவு என்னவென்றால் வெளியாள் அனுப்பும் ஒவ்வொரு பி.ஆரிலும் டெஸ்ட் சிவப்பாக நிற்கும். பதிவுசெய்த பதில்களை வைத்து ஓடும் டெஸ்டுகளோ (பைத்தானில் வி.சி.ஆர்.பை செய்வது இதைத்தான்), ஸ்ட்ரைப் வெளியிட்டிருக்கும் ஸ்ட்ரைப்-மாக் போன்ற போலி சர்வரோ இல்லாமல் ஆள் சேர்க்கக் கிளம்புவது, அடுப்பு இல்லாத வீட்டில் விருந்துக்கு அழைப்பது மாதிரி.

கடைசியாக, வெளியே விட்ட மெத்தட் பெயரைத் திரும்ப வாங்க முடியாது. அதனால் பத்து வரி பி.ஆருக்கும் ஒரு மணி நேர யோசனை தேவைப்படும். இதை அனுப்புகிறவர் அறிய மாட்டார், "பத்து வரிதானே, ஏன் இத்தனை நாள்?" என்று கோபப்படுவார்.

## எதை வைத்து எடை போடுவது

"எத்தனை பங்களிப்பாளர்கள்?" என்ற எண்ணை நான் அளவுகோலாக எடுக்கவில்லை. மேலாளருக்குக் காட்ட நன்றாக இருக்கும், அவ்வளவுதான். என் கேள்விகள் இவை:

- ஒரு பி.ஆர். மெர்ஜ் ஆவதற்கு நம் பக்கம் எத்தனை மணி நேரம் செலவாகும்?
- வந்தவர் ஆறு மாதம் கழித்தும் இருப்பாரா?
- அவர் அடுத்தவரின் பி.ஆரைப் படித்துப் பார்க்கும் ஆளாக வளர்வாரா?
- இந்த வழியை நிறுத்தினால் என்ன மிஞ்சும், என்ன குப்பை சேரும்?

மூன்றாவது கேள்விக்கு நான் மற்ற மூன்றுக்கும் சேர்த்துக் கொடுப்பதைவிட அதிக எடை கொடுக்கிறேன். பணத்தை வேண்டுமென்றே பட்டியலில் சேர்க்கவில்லை. ஒவ்வொரு வழியிலும் அது தனியாக வந்து நிற்கும்.

## வழி 1: வாசலை அகலத் திறப்பது

"குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ" (புதியவர் முதலில் எடுக்க ஏற்றது) என்ற லேபிள், ஹேக்டோபர்ஃபெஸ்ட், கல்லூரிகளில் ஒருநாள் பயிற்சிப் பட்டறை எல்லாம் இந்த வகை.

ஹேக்டோபர்ஃபெஸ்டை கிளவுட் நிறுவனமான டிஜிட்டல்ஓஷன் 2014இல் தொடங்கியது. அக்டோபரில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பி.ஆர். அனுப்பினால் டி-ஷர்ட் என்பது அன்றைய விதி. 2020இல் இது கை மீறியது. ரீட்மீயில் "அருமையான புராஜெக்ட்" என்று இரண்டு சொல் சேர்த்த பி.ஆர்.கள் ரிப்போக்களில் வெள்ளமாய்ப் பாய்ந்தன. மெயின்டெய்னர்கள் கொதித்ததும், விருப்பம் தெரிவித்த ரிப்போக்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று அந்த மாதமே விதி மாறியது. டி-ஷர்ட் இல்லாமலும் வெள்ளம் வரும்: 2024இன் தொடக்கத்தில் எக்ஸ்பிரஸ் என்ற வெப் ஃபிரேம்வொர்க் ரிப்போவின் ரீட்மீயில் தங்கள் பெயரைச் சேர்த்து ஏராளமானோர் பி.ஆர். அனுப்பினார்கள். பயிற்சி வீடியோவில் காட்டிய படிகளை அப்படியே செய்து பார்த்த மாணவர்கள், பாவம். கோபிக்க மனம் வரவில்லை. ஆனால் ஒவ்வொன்றையும் மூட ஒரு கை வேண்டும்.

இப்போது நிலைமை இன்னும் மாறிவிட்டது. ஏ.ஐ. கருவி வைத்துக்கொண்டு ஒரு பி.ஆர். தயாரிக்கும் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. படிக்கும் செலவு குறையவே இல்லை. பார்வைக்கு ஒழுங்காக இருக்கும் தப்பான புரோகிராமைப் படிப்பதில் அதிகமாகவே ஆகிறது.

மறைவிலை இன்னொன்று உண்டு. ஒரு நல்ல தொடக்க இஷ்யூவை எழுதுவது, அந்தப் பிழையை நாமே சரிசெய்வதைவிட அதிக நேரம் பிடிக்கும். குபர்நெட்டிஸ் என்ற பெரிய ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட் "குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ" என்பதையும் "ஹெல்ப் வான்டட்" என்பதையும் தனித்தனியாக வைத்திருக்கிறது. முதல் லேபிள் ஒட்ட வேண்டுமென்றால், தீர்வு என்ன, எந்தக் கோப்பைத் தொட வேண்டும், எப்படிச் சோதிப்பது என்பதெல்லாம் அங்கேயே இருக்க வேண்டும். அந்த அளவுக்கு எழுதினால்தான் புதியவர் தனியாக நடப்பார்.

எப்போது இது நல்லது? எடுத்துக்காட்டுச் செயலிகள், டாக்குமென்டேஷன், பிழைச் செய்திகளின் வாசகம் போன்று, ஏ.பி.ஐ.யைத் தொடாத வேலை நிறைய இருக்கும்போது. ரிவ்யூ செய்ய (வந்ததைப் படித்துப் பார்க்க) முழுநேர ஆள் ஒருவர் இருக்கும்போது. அப்படியில்லாத அணிக்கு நான் சொல்வது: திருவிழா வேண்டாம், வருஷம் முழுக்க மூன்றே மூன்று நல்ல தொடக்க இஷ்யூக்களைத் திறந்து வைத்திருங்கள். ஒன்று மூடினால் இன்னொன்று.

## வழி 2: கைப்பிடித்துச் சொல்லிக் கொடுப்பது

புதியவர்களை வழிகாட்டியோடு ஓப்பன் சோர்ஸ் வேலையில் சேர்க்கும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2005இல் தொடங்கியது. நீண்ட காலம் மாணவர்களுக்கு மட்டும் என்று இருந்தது, 2022 முதல் பதினெட்டு வயது நிறைந்த, ஓப்பன் சோர்ஸுக்குப் புதியவர்கள் எல்லோருக்கும் திறந்தது. வேலை அளவு ஏறக்குறைய 90, 175, 350 மணி நேரம் என்று மூன்று விதம். உதவித்தொகையைக் கூகுளே கொடுக்கிறது. தொகை நாட்டுக்கு நாடு மாறும். நம் பக்கத்துப் பிள்ளைகள் இதில் சாதாரணமானவர்கள் இல்லை. முதல் பத்தாண்டுகளில் உலகிலேயே அதிக மாணவர்களை இதற்கு அனுப்பியது இலங்கையின் மொரட்டுவைப் பல்கலைக்கழகம்தான்.

அவுட்ரீச்சி வேறு விதம். ஆண்டுக்கு இரண்டு சுற்று, மூன்று மாதம், உதவித்தொகை 7,000 டாலர். தொழில்நுட்பத் துறையில் குறைவாக இடம் பெற்றவர்களுக்கானது. தேர்வுக்கு முன்பே ஒவ்வொருவரும் புராஜெக்டில் ஒரு பங்களிப்பு செய்துகாட்ட வேண்டும் என்பது இதன் சிறப்பு. ஆனால் பணத்தை ஏற்பாடு செய்ய வேண்டியது பெரும்பாலும் சேர்ந்துகொள்ளும் சமூகமே.

வெளியிலிருந்து பார்த்தால் "இலவசமாக ஒரு ஆள்" என்று தெரியும். உள்ளே இருந்தவன் சொல்கிறேன்: வாரத்துக்கு ஐந்து மணி நேரமாவது வழிகாட்டிக்குப் போகும். விண்ணப்பக் காலத்தில் அதைவிட மோசம். தேர்வாகப்போவது ஒருவர் அல்லது இருவர். வந்து நிற்பவர்கள் எத்தனையோ பேர். அத்தனை பேரும் தங்கள் விண்ணப்பத்துக்குக் கனம் சேர்க்க பி.ஆர். அனுப்புவார்கள், முதல் வழியில் சொன்ன வெள்ளம் வேறு பெயரில் வரும்.

இன்னொரு சிக்கல் எஸ்.டி.கே.க்கே உரியது. கோடை விடுமுறைத் திட்டம் என்றால் தனியாக ஒரு பெரிய அம்சம் வேண்டும். அது முடிந்ததும் எழுதியவர் வேலைக்குப் போய்விடுவார். அந்த அம்சத்தின் வாழ்நாள் பராமரிப்பு உங்கள் தலையில். ஸ்விஃப்ட் தெரிந்தவர் யாருமே அணியில் இல்லாமல் ஸ்விஃப்ட் எஸ்.டி.கே.யை மாணவரிடம் கொடுத்த ஓர் அணியை எனக்குத் தெரியும். மாணவர் நன்றாகவே முடித்தார். அடுத்த ஐ.ஓ.எஸ். பதிப்பு வந்தபோது அதைத் திறந்து பார்க்க ஆளில்லை.

இருந்தாலும் எனக்கு இந்த வழி பிடிக்கும். தங்குகிறவர்கள் குறைவு, ஆனால் தங்கினால் ஆழமாகத் தங்குவார்கள். அடுத்த ஆண்டின் வழிகாட்டி முந்தைய ஆண்டு மாணவராக இருப்பதை எத்தனையோ புராஜெக்டுகளில் பார்க்கலாம். புதிய அம்சம் கொடுப்பதற்குப் பதில் இருக்கிறதைச் செப்பனிடும் வேலையைக் கொடுங்கள். அந்தப் போலி சர்வர், அந்தப் பதிவுசெய்த டெஸ்டுகள், இவை அற்புதமான 175 மணி நேர வேலை. முடிந்த அன்றிலிருந்து அடுத்து வரும் ஒவ்வொருவருக்கும் பாதை எளிதாகிவிடும்.

## வழி 3: பவுண்டி

ஒரு இஷ்யூவுக்கு இத்தனை டாலர் என்று விலை ஒட்டிவிடுவது. மேலிடத்தில் இதற்கு அனுமதி சுலபமாகக் கிடைக்கும், ஏனென்றால் செலவு கண்ணுக்குத் தெரிகிறது.

கண்ணுக்குத் தெரியாத செலவு: விலை ஒட்டியதும் ஒரே இஷ்யூவுக்கு ஐந்து பேர் வருவார்கள், நான்கு பேரிடம் "இல்லை" சொல்ல வேண்டும். மெர்ஜ் ஆனதும் பணம் வாங்கியவர் அடுத்த விலைப்பட்டியலைத் தேடிப் போவார், அதில் தப்பும் இல்லை. அதுவரை சும்மா உதவிக்கொண்டிருந்தவர் ஒருவர், "அப்போ என் வேலைக்கு விலை இல்லையா?" என்று கேட்பார். இதற்குப் பதில் சொல்லத் திணறியிருக்கிறேன்.

நடுவில் நிற்கும் தளத்தையும் நம்பிவிட முடியாது. பவுண்டிசோர்ஸ் 2020இல், யாரும் எடுக்காத பவுண்டிப் பணத்தை இரண்டு ஆண்டுக்குப் பிறகு தானே வைத்துக்கொள்ளும் என்று விதியை மாற்றப் பார்த்து, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. பாதுகாப்புக் குறைகளைக் கண்டுபிடிப்பதற்கான பவுண்டி வேறு வகைதான் என்றாலும் அங்கேயும் பாடம் இருக்கிறது. இணையத்தில் தரவைக் கொண்டுசெல்லும் கர்ல் கருவி 2019 முதல் அதை நடத்தியது; ஏ.ஐ. எழுதிய பொய்யான அறிக்கைகளைப் படித்துப் படித்துச் சலித்து, 2026 ஜனவரியோடு பரிசுப் பணத்தை நிறுத்தியது. படிக்கும் கண்கள் களைத்துவிட்டன என்பதுதான் காரணம்.

ஒரே இடத்தில் பவுண்டி நன்றாக வேலை செய்யும்: எல்லை தெளிவாக இருக்கிற, ஏற்கெனவே தெரிந்த ஓர் ஆளுக்குக் கொடுக்கிற ஒருமுறை வேலை. பழைய டாட்நெட் பதிப்பிலிருந்து புதியதுக்கு மாற்றுவது மாதிரி. அப்படிப் பார்த்தால் அது பவுண்டியே இல்லை, சின்ன ஒப்பந்த வேலை. ஒப்பந்தமாகவே போட்டுக்கொள்ளுங்கள், இரண்டு பேருக்கும் நிம்மதி.

## வழி 4: எல்லைக் கோடு கிழிப்பது

மையத்தைச் சின்னதாக்கிவிட்டு, சுற்றியிருப்பதைப் பிறர் பொறுப்பில் விடுவது. பிளக்-இன், கான்ட்ரிப் (பங்களிப்பு) ரிப்போ, புரொவைடர், எப்படி வேண்டுமானாலும் பெயர் வையுங்கள். எஸ்.டி.கே.க்கு இதுதான் மிகவும் பொருத்தம் என்பது என் கருத்து, அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

கிளவுட் வசதிகளைக் கோப்பில் எழுதி அமைக்கும் டெர்ராஃபார்ம் கருவியில் ஆரம்பத்தில் எல்லா கிளவுட் புரொவைடர்களும் ஒரே ரிப்போவில் இருந்தன. 2017இல் வந்த 0.10 பதிப்பில் அவற்றைத் தனித்தனி ரிப்போக்களாகப் பிரித்தார்கள். அதன் பிறகு ஒரு புரொவைடரில் திருத்தம் வேண்டுமென்றால் மைய அணியின் வெளியீட்டுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. சர்வர்களைத் தானியங்கியாக அமைக்கும் அன்சிபிளும் ஆயிரக்கணக்கான மாட்யூல்களை ஒரே ரிப்போவில் வைத்துக்கொண்டு இஷ்யூக் குவியலில் மூச்சு முட்டிய பிறகு, 2020இல் 2.10 பதிப்பில் அவற்றைக் கலெக்ஷன்களாகப் பிரித்தது. இரண்டு இடத்திலும் பிரித்தது தாமதமாக. பிரிக்கும் வேலையே ஒரு பெரிய வேலையாக ஆனது.

புரோகிராம்கள் ஓடும் விதத்தைக் கண்காணிக்க உதவும் ஓப்பன்டெலிமெட்ரி இதில் படிக்க வேண்டிய பாடம். 2019இல் ஓப்பன்டிரேசிங், ஓப்பன்சென்சஸ் என்ற இரண்டு புராஜெக்டுகள் சேர்ந்து உருவானது. ஒவ்வொரு மொழிக்கும் தனி எஸ்.டி.கே., தனிக் குழு; ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே ஒரே விவரக்குறிப்பு. ஒரு புதிய நடத்தை வேண்டுமென்றால் முதலில் விவரக்குறிப்பில் வாதாட வேண்டும், அப்புறம்தான் ஜாவாவில், பைத்தானில். மெதுவாக இருக்கும். ஆனால் பைத்தான் தெரிந்த ரிவ்யூவருக்குக் கோ எஸ்.டி.கே.யைப் பற்றிக் கவலை இல்லை. அங்கே தரவைச் சேகரித்து அனுப்பும் கலெக்டர் என்ற கருவியின் கான்ட்ரிப் ரிப்போவில் புதிய பாகம் ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால், ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஒருவர் "நான் பொறுப்பு" என்று முன்நிற்க வேண்டும். ஒவ்வொரு பாகத்துக்கும் கோட் ஓனர்கள் பெயர் எழுதப்பட்டிருக்கும். யாரும் பார்க்காமல் கைவிடப்பட்ட பாகம், கைவிடப்பட்டது என்று குறிக்கப்பட்டுச் சில மாதங்களில் நீக்கப்படும். இந்தக் கடைசி விதியை எழுதும் தைரியம் பலருக்கு வராது. எழுதாமல் கான்ட்ரிப் ரிப்போ திறப்பது, திரும்ப வாங்காத லைப்ரரியில் புத்தகம் கொடுப்பது மாதிரி.

வீட்டுக் கருவிகளை இயக்கும் ஹோம் அசிஸ்டென்ட் கிழித்த எல்லைக் கோடு இன்னும் கூர்மை. ஒரு கருவியோடு பேசும் நெறிமுறைக்கான புரோகிராம் மைய ரிப்போவுக்குள் வரவே கூடாது. அது பைத்தான் லைப்ரரிகளின் பொதுக் கிடங்கான பைபையில் தனி லைப்ரரியாக இருக்க வேண்டும், மையத்தில் அதை அழைக்கும் மெல்லிய இணைப்பு மட்டும். பல்பு கம்பெனி தன் நெறிமுறையை மாற்றினால் அந்த லைப்ரரியின் சொந்தக்காரர் பார்த்துக்கொள்வார்.

இதன் அழகு என்ன? முன்பு சொன்ன பயனர், தன் பிழையைச் சரிசெய்ததும் போய்விடுகிறவர், இங்கே தன் பாகத்தின் உரிமையாளர் ஆகிறார். அது அவருடைய கம்பெனிக்கு வேண்டியது, அதனால் இருப்பார். ரிவ்யூவும் அவரே செய்வார். மூன்றாவது அளவுகோல் தானாகவே நிறைவேறுகிறது.

மறைவிலை: கோடு கிழிக்கும் இடத்தில் ஒரு நிலையான இடைமுகம் வேண்டும், அதை உடைக்கவே கூடாது. நான்கு முறை உடைத்தால் சுற்றியிருப்பவர்கள் ஓடிவிடுவார்கள். தரம் ஒரே மாதிரி இருக்காது, ஆனால் பயனர் திட்டுவது உங்களைத்தான், "உங்கள் எஸ்.டி.கே. சரியில்லை" என்று. பிறகு பாதுகாப்பு. 2018இல் ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ் கிடங்கான என்.பி.எம்.மின் ஈவென்ட்-ஸ்ட்ரீம் பேக்கேஜை, களைத்துப்போன மெயின்டெய்னர் உதவ முன்வந்த ஓர் அந்நியரிடம் கொடுத்தார். பிட்காயின் பணப்பையைக் குறிவைத்த கோடு உள்ளே வந்தது. அதனால் எந்தப் பாகம் அதிகாரபூர்வமானது, எது சமூகத்துடையது என்பதைப் பெயரிலேயே காட்டுங்கள்.

உங்கள் எஸ்.டி.கே. ஒரே ஏ.பி.ஐ.யை அழைக்கும் மெல்லிய உறை மட்டும்தான் என்றால் இந்த வழி உதவாது. பிரிக்க அங்கே ஒன்றும் இல்லை.

## வழி 5: படிப்பவருக்குக் கூலி, படிப்பவரை வளர்ப்பது

பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவின் ஃபவுண்டேஷன் 2014 முதல் நன்கொடைப் பணத்தில் "ஃபெல்லோ" என்று ஆள் வைத்திருக்கிறது. புது அம்சம் எழுதுவது அவர் முதல் வேலையில்லை. டிக்கெட்டுகளை வகைபிரிப்பது, பிறர் அனுப்பிய பேட்சுகளைப் பார்ப்பது, பாதுகாப்பு வெளியீடுகள். பைத்தானும் 2021இல் இதே போல "டெவலப்பர் இன் ரெசிடென்ஸ்" என்ற பணியைத் தொடங்கியது. பவுண்டிக்குப் போகும் அதே பணம் இங்கே நேராகக் கண்களுக்குப் போகிறது.

பணம் இல்லையா? குபர்நெட்டிஸ் ஏணியைப் பாருங்கள். உறுப்பினர், ரிவ்யூவர், அப்ரூவர் என்று படிகள். உறுப்பினராகவே ஏற்கெனவே உள்ள இரண்டு பேர் முன்மொழிய வேண்டும். எந்தக் கோப்புறையை யார் பார்க்கலாம் என்பது அந்தந்தக் கோப்புறையிலேயே எழுதியிருக்கும். சின்ன எஸ்.டி.கே.க்கு இத்தனை படி வேண்டாம். "நான்கு நல்ல பி.ஆர். அனுப்பியவரை, அந்த மொழிக்கு ரிவ்யூவராக அழைப்போம்" என்று ஒரு வரி போதும். அந்த ஒரு வரி எழுதியிருக்கிறதா என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் விழிக்கிறார்கள்.

எச்சரிக்கை ஒன்று. எக்ஸ்.இசட். என்ற கோப்புச் சுருக்கக் கருவியின் விவகாரம் 2024 மார்ச்சில் வெளிவந்தபோது தெரிந்தது: ஒரு போலி ஆள் இரண்டு ஆண்டுக்கு மேல் பொறுமையாக உழைத்து, தனியாக இருந்த மெயின்டெய்னரின் நம்பிக்கையைப் பெற்று, பின்வாசல் வைத்தார். ரிவ்யூ உரிமையை ஒரு கையாலும் வெளியீட்டு உரிமையை இன்னொரு கையாலும் கொடுங்கள். இரண்டாவது கையை நீட்ட அவசரம் வேண்டாம்.

| வழி | ரிவ்யூ சுமை | தங்குவாரா | படிப்பவராக வளர்வாரா | நிறுத்தினால் |
|---|---|---|---|---|
| அகல வாசல் | மிக அதிகம் | அரிது | அரிது | மூடாத பி.ஆர். குவியல் |
| வழிகாட்டித் திட்டம் | அதிகம், ஆனால் ஒரே ஆளுக்கு | சிலர் | சிலர், நன்றாக | அநாதையான அம்சம் |
| பவுண்டி | நடுத்தரம் | இல்லை | இல்லை | வந்தவர்களும் நின்றுவிடுவார்கள் |
| கோடு கிழிப்பது | முதலில் அதிகம், பிறகு குறையும் | ஆம், தன் தேவைக்காக | தன் பாகத்துக்கு ஆம் | திரும்பச் சேர்ப்பது கடினம் |
| படிப்பவருக்குக் கூலி | குறைகிறது | கூலி உள்ளவரை | அவரே அதுதான் | சுமை மறுநாளே திரும்பும் |

## கையெழுத்து விவகாரம்

எந்த வழியை எடுத்தாலும் முதல் பி.ஆரில் ஒரு பாட் வந்து "ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள்" என்று நிறுத்தலாம். சி.எல்.ஏ.வா (பங்களிப்பாளர் உரிம ஒப்பந்தம்), டி.சி.ஓ.வா (மூலச் சான்று) என்பது சின்ன முடிவு போலத் தெரியும், அப்படி இல்லை.

டி.சி.ஓ. லினக்ஸ் கர்னலில் 2004இல் வந்தது, லினக்ஸில் தன் கோடு இருக்கிறது என்று எஸ்.சி.ஓ. நிறுவனம் தொடுத்த வழக்கின் சூட்டில். கமிட்டின் (பதிவான மாற்றத்தின்) அடியில் ஒரு வரி, "இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு" என்று. கம்பெனி வக்கீலிடம் போக வேண்டியதில்லை. சி.எல்.ஏ. அப்படியில்லை, கம்பெனியில் வேலை பார்ப்பவர் அதில் கையெழுத்திட மேலிடத்தில் வாரக்கணக்கில் அலைவார். எஸ்.டி.கே.க்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அப்படிப்பட்டவர்களே.

நம்பிக்கையும் இதில் இருக்கிறது. டெர்ராஃபார்மை உருவாக்கிய ஹாஷிகார்ப் 2023 ஆகஸ்டில் அதன் உரிமத்தைப் பி.எஸ்.எல்.லுக்கு (போட்டியாளர்களின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் உரிமத்துக்கு) மாற்றியது, சில வாரங்களில் ஃபோர்க் கிளம்பி, ஓப்பன்டோஃபூ என்ற பெயரில் லினக்ஸ் ஃபவுண்டேஷனுக்குப் போனது. பங்களிப்பாளர்களின் உரிமையை ஒரு கம்பெனியின் கையில் குவிக்கும் சி.எல்.ஏ. இருந்தால் இப்படி மாற்றுவது சுலபம் என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். கிட்ஹப் போன்ற தளமான ஜிட்லேப் 2017இலேயே சி.எல்.ஏ.வை விட்டு டி.சி.ஓ.வுக்கு வந்தது. எதிர்காலத்தில் உரிமத்தை மாற்றும் எண்ணம் உண்மையிலேயே இல்லை என்றால் டி.சி.ஓ. போடுங்கள். எண்ணம் இருந்தால் ஆள் சேர்க்கும் முயற்சியை இப்போதே விட்டுவிடுங்கள், பிறகு கெட்ட பெயர் வேண்டாம்.

லாப நோக்கற்ற ஃபவுண்டேஷனில் எஸ்.டி.கே.யைச் சேர்ப்பது பற்றியும் கேட்கிறார்கள். போட்டிக் கம்பெனிகள் இரண்டு மூன்று உங்கள் எஸ்.டி.கே.யில் ஆள் போடத் தயாராக இருந்தால் மட்டும் யோசியுங்கள். ஆளே இல்லாதபோது ஃபவுண்டேஷன் ஆள் தராது.

## யாருக்கு எது

பல சேவைகளை இணைக்கும் எஸ்.டி.கே., அணியில் நான்கைந்து பேர் என்றால்: வழி 4, இப்போதே, ரிப்போ பெருக்கும் முன்பு. முதல் வருஷம் வழி 2இல் ஒரே ஒரு மாணவரை எடுத்து டெஸ்ட் வசதியைக் கட்டச் சொல்லுங்கள்.

பல மொழிகளில், தானாக உருவாகும் கோடு என்றால்: வழி 5. கைவைக்கக்கூடிய இடங்களைக் குறியுங்கள், மொழிக்கு ஒரு வெளி ரிவ்யூவரைத் தேடுங்கள். வழி 1 வேண்டவே வேண்டாம், வருகிற பி.ஆரில் பாதி உருவாக்கப்பட்ட கோப்பைத் திருத்தியதாக இருக்கும்.

கம்பெனியின் ஆதரவு இல்லாத, ஆனால் பலர் நம்பியிருக்கும் எஸ்.டி.கே. என்றால்: நிதி கேட்டுப் பாருங்கள். பெங்களூரின் பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா 2024இல் தொடங்கிய ஃப்ளாஸ்/ஃபண்ட் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வரை ஓப்பன் சோர்ஸ் புராஜெக்டுகளுக்கு ஒதுக்குகிறது. கிடைத்தால் பவுண்டியில் கரைக்காமல், வாரத்துக்கு ஒரு நாள் ரிவ்யூ செய்ய ஒருவருக்குக் கொடுங்கள்.

நீங்கள் ஒரே ஒரு ஆள் என்றால்: இந்த ஐந்தில் எதையும் தொடங்காதீர்கள். கிட்ஹப்பில் உங்கள் ரிப்போவின் ஃபோர்க் பட்டியலைத் திறந்து பாருங்கள். பெரும்பாலானவை வெறும் நகல்கள். சிலவற்றில் உங்களிடம் இல்லாத கமிட்டுகள் இருக்கும்; உங்களிடம் கேட்காமலேயே உங்கள் பிழைகளைச் சரிசெய்துகொண்டவர்கள் அவர்கள். அவர்களில் மூன்று பேருக்கு, கமிட்டைப் படித்துவிட்டு, எழுதுங்கள். நான் அப்படி எழுதியபோது இரண்டு பேர் பதிலே போடவில்லை. மூன்றாமவர் மறுநாளே எழுதினார்: "இதில் நான்கு கமிட் எல்லோருக்கும் உதவும், அனுப்புகிறேன். மீதி எங்கள் கம்பெனிக்கு மட்டும். இத்தனை நாள் யாரும் கேட்கவில்லையே என்று இருந்தது." பேட்ச் வந்ததும் அன்றே பார்த்துவிட்டேன்.